பெட்டிக்குள் வந்த உயரம் வேதவாக்கா?

பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: குறிப்புத்தாளில் உள்ளபடி சேஸிஸையும் ஆக்ஸிலையும் ஒட்டினால் கார் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதுதான் அதன் உயரம். முன்பக்கம் தூக்கலாகத் தெரியட்டும், டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே தீக்குச்சி நுழைகிற இடைவெளி இருக்கட்டும், அதில் கைவைக்கக் கூடாது. வைத்தால் அது 'கஸ்டம்' வேலை, அவரவர் ரசனை, ரசனையோடு வாதம் செய்ய முடியுமா?

இந்தக் கட்சியைக் கிண்டலடித்துத் தள்ளிவிட முடியாது. அதற்கு ஐந்து வாதங்கள் உண்டு. முதலாவது, தயாரிப்பாளர்கள் நிஜக் காரை அளந்தவர்கள். தமியா நிறுவனம் போர்ஷே 934 மாடலுக்காக ஒரு போர்ஷே 911ஐயே விலைக்கு வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தது. அந்த 1/12 மாடல் 1976இல் வந்தது. வீட்டு மேசையில் வெர்னியரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அவர்களைவிட அதிகம் தெரியுமா? இரண்டாவது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் யார் கண்ணில் படப்போகிறது? மூன்றாவது, நிஜக் கார்களே ஒரு நிலையான உயரத்தில் நிற்பதில்லை. அப்படியிருக்க 'சரியான உயரம்' என்று ஒன்று எங்கே இருக்கிறது? நான்காவது, பெட்டியில் உள்ளதை மட்டும் வைத்துக் கட்டுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஐந்தாவது, திருத்தப் போனால் நல்ல மாடலும் கெட்டுப்போகும்.

மூன்றாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற நான்கிலும் அதுகூட இல்லை.

1. அளந்தார்கள், சரி. அளந்தபடி வார்க்க முடிந்ததா?

ஒரு காரின் மட்கார்டுத் தகடு சுமார் 0.8 மி.மீ. தடிமன். 1/24 அளவில் அது 0.03 மி.மீ. ஆக வேண்டும். அச்சில் வார்க்கிற பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லியதாக வராது. ஒரு மில்லிமீட்டருக்கு அதிகமாகத்தான் வரும். நிஜ அளவில் கணக்குப் போட்டால் 24 மி.மீ. தடித்த இரும்புப் பாளத்தில் செய்த கார் அது. டயர் புகுந்து நிற்க வேண்டிய இடத்தைப் பிளாஸ்டிக்கே அடைத்துக்கொள்கிறது. முன்சக்கரங்கள் திரும்பவும் வேண்டும் என்றால் நெருக்கடி இரட்டிப்பாகிறது. வடிவமைப்பாளருக்கு மிஞ்சுவது இரண்டு வழி: சக்கரத்தை உள்ளே தள்ளுவது, அல்லது உடலை மேலே தூக்குவது. பல கிட்டுகளில் இரண்டையும் செய்திருக்கிறார்கள்.

இது பொதுக் காரணம். தனிக் காரணங்களும் உண்டு. 1970களிலும் 80களிலும் வந்த ஜப்பானிய 1/24 கிட்டுகளில் பல, மோட்டார் வைத்து ஓடவிடுவதற்காகச் செய்யப்பட்டவை. சேஸிஸில் மோட்டாருக்கு ஒரு கூடு, பேட்டரிக்கு ஒரு பள்ளம், வீட்டுத் தரையில் தட்டாமல் ஓடுவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. பிறகு மோட்டார் போனது, சேஸிஸ் போகவில்லை. அதே அச்சு புதுப் பெட்டியில், புது ஓவியத்தோடு மறுபடி மறுபடி வருகிறது. அமெரிக்க 1/25 கிட்டுகளின் கதை வேறு. பழைய ஏ.எம்.டி., எம்.பி.சி. கிட்டுகள் பலவற்றில் முன் ஆக்ஸில் ஒரு நேர் கம்பி. அது எஞ்சின் பிளாக்கில் உள்ள ஓட்டைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவருகிறது. நிஜத்தில் அந்தக் கார்கள் எதிலும் ஆக்ஸில் எஞ்சினைத் துளைத்துக்கொண்டு போவதில்லை! இந்தக் கம்பியின் இடத்தை நிர்ணயித்தது அளவுநாடாவா, அச்சுப் பட்டறையின் வசதியா?

டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டயர் அச்சைப் பல கிட்டுகளுக்குப் பகிர்ந்துகொள்வது இந்தத் தொழிலின் சிக்கன வழக்கம். டயரின் விட்டம் மாறினால் நிற்கும் உயரமும் மாறும், மட்கார்டு இடைவெளியும் மாறும். தையற்காரர் அளவைத் துல்லியமாக எடுத்திருக்கலாம். துணி பற்றாமல் வேறு சட்டையின் கையை ஒட்டுப்போட்டுக் கொடுத்தால், அளவெடுத்த திறமையைச் சொல்லி அந்தச் சட்டையை நியாயப்படுத்த முடியாது.

2. ஒரு மில்லிமீட்டரில் என்ன இருக்கிறது?

1/24இல் ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 24 மி.மீ.; ஏறத்தாழ ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலம் என்ன செய்யும் என்பதற்கு எம்.ஜி.பி.யே சாட்சி. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காக அந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் கறுப்பு ரப்பர் பம்பருக்கு மாறியது. முகப்பு விளக்குகளின் உயரமும் விதிக்குப் போதவில்லை. முகப்பை மறுபடி வடிவமைக்கச் செலவழிக்க மனமில்லாத பிரிட்டிஷ் லேலண்ட், சஸ்பென்ஷனையே சுமார் ஓர் அங்குலம் தூக்கிவிட்டது. வண்டியின் பிடிப்பு கெட்டது, தோற்றமும் கெட்டது. குரோம் பம்பர் கார் வைத்திருந்தவர்கள் அந்த அங்குலத்தை மன்னிக்கவே இல்லை. இப்போது குரோம் பம்பர் வைத்த 1/24 எம்.ஜி.பி. ஒன்றை ஒரு மில்லிமீட்டர் தூக்கலாகக் கட்டுங்கள். பம்பர் ஒரு வருடத்தையும் நிற்பு வேறொரு வருடத்தையும் சொல்லும்.

ஃபோர்டு ஜி.டி.40 இன்னும் வெளிப்படையான வழக்கு. 1966 லெ மான் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த அந்தக் காரின் பெயரில் உள்ள 40, கூரையின் உயரத்தைக் குறிக்கிறது: 40 அங்குலம், நுணுக்கமாகச் சொன்னால் 40.5. 1/24இல் 43 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இரண்டு மில்லிமீட்டர் தூக்கலாக நின்றால் அது 42 அங்குலத்தைத் தாண்டிய கார்.

ஆனால் மொத்த உயரத்தை வைத்து வாதிடுவதே எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுப்பது. 43 மி.மீ.யில் இரண்டு கூடினால் ஐந்து சதவீதம்தானே என்று அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கண் பார்ப்பது மொத்த உயரத்தை அல்ல, இடைவெளியை. டயரின் உச்சிக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே நிஜக் காரில் 40 மி.மீ. இருந்தால் மாடலில் அது 1.7 மி.மீ. அதோடு ஒன்றரை மில்லிமீட்டர் பிழையைக் கூட்டுங்கள்: இடைவெளி ஏறக்குறைய இரு மடங்கு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் இது தெரியும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாமல் 'பொம்மைக் கார் மாதிரி இருக்கே' என்பார். கார் பற்றி ஒன்றும் தெரியாதவர் வாயிலிருந்து வருகிற இந்தச் சொல்லைவிடத் துல்லியமான தீர்ப்பு வேறில்லை.

3. நிஜக் கார் ஒரே உயரத்தில் நிற்பதில்லை என்பது உண்மை. அதனால் எந்த உயரமும் சரியா?

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் வைத்த அம்பாசடரில் ஆறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் டிக்கி தரையைப் பார்க்கும் என்பது நமக்குத் தெரியாததா? 1959இல் வந்த மினிக்கு அலெக்ஸ் மோல்டன் கொடுத்தது ரப்பர் கூம்பு சஸ்பென்ஷன். நாளாக ஆக ரப்பர் இறுகி, வண்டி உட்கார்ந்துவிடும். 1955 பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சிட்ரோயென் டி.எஸ். எண்ணெய் அழுத்தத்திலும் வாயுவிலும் நின்ற கார்: ஓட்டுநர் ஒரு நெம்புகோலால் உயரத்தை மாற்றலாம், எஞ்சினை அணைத்து நிறுத்திவைத்தால் மெல்ல மெல்லத் தாழ்ந்து தரையோடு படியும்.

இதில் உச்சம் 1981. ஃபார்முலா 1 கார்களுக்கும் தரைக்கும் நடுவே 6 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு விதி வந்தது. கார் நிற்கும்போதுதானே அளக்க முடியும்? வடிவமைப்பாளர் கோர்டன் மர்ரே தன் பிராபம் பி.டி.49சி.க்கு ஒரு சஸ்பென்ஷனைச் செய்தார்: வேகத்தில் காற்றழுத்தம் காரை அமுக்கும், கார் தாழ்ந்தே ஓடும், வேகம் குறைந்து பிட் லேனுக்குத் திரும்பும்போது எழுந்து ஒழுங்காக 6 செ.மீ. காட்டும். அதை ஓட்டிய நெல்சன் பிக்கே அந்த ஆண்டு உலகச் சாம்பியன். 1/20 அளவில் அந்த 6 செ.மீ. என்பது 3 மி.மீ. ஆக இந்தக் காருக்கு உண்மையான உயரங்கள் இரண்டு. அளவுகோலுக்குக் காட்டியது ஒன்று, ஓடியது ஒன்று.

இதிலிருந்து எதிர்த்தரப்பு எடுக்கும் முடிவு: உயரங்கள் பல, ஆகவே எதுவும் சரி. நான் எடுக்கும் முடிவு: உயரங்கள் பல, ஆகவே எது என்று நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். நிறுத்தி வைத்த டி.எஸ்.ஸா, ஓடுகிற டி.எஸ்.ஸா? கென்யாவின் கல்லுக்கும் குழிக்கும் சஃபாரி ராலியில் தூக்கிவிடப்பட்ட காரா, தார்ச்சாலை ராலிக்கு இறக்கிய அதே காரா? அந்தத் தேர்வில் ரசனைக்கு முழுச் சுதந்திரம் உண்டு. தேர்ந்தெடுத்த பிறகு உயரம் ஒரு தகவல். அதைச் சரியாகவும் சொல்லலாம், தப்பாகவும் சொல்லலாம். பெட்டியில் வந்த உயரம் இந்த நிலைகளில் ஒன்றோடு பொருந்தினால் நல்லது. பல நேரங்களில் எதோடும் பொருந்துவதில்லை என்பதுதான் என் புகார்.

உயரம் தனியாக நிற்பதும் இல்லை. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின் ஆக்ஸில் நடுவிலிருந்து ஊசலாடும் வகை. உடல் உயர்ந்தால் பின்சக்கரங்களின் அடி உள்ளே ஒடுங்கும். உடல் தாழ்ந்தால் அடி வெளியே விரியும். சக்கரங்களைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு உடலை மட்டும் தூக்கலாக வைத்த பீட்டில் மாடல், பாரம் ஏறாத பீட்டிலும் அல்ல, ஆள் நிறைந்த பீட்டிலும் அல்ல.

4. பெட்டியில் உள்ளபடி கட்டுவதா நேர்மை?

அப்படியானால் பாகங்களில் ஓடும் வார்ப்புக் கோட்டை ஏன் அரம் வைத்துத் தேய்க்கிறீர்கள்? பிளாஸ்டிக் ஆறும்போது விழுந்த பள்ளத்தை ஏன் புட்டி வைத்து நிரப்புகிறீர்கள்? அவையும் பெட்டியில் வந்தவைதானே! அச்சின் குறையைத் திருத்துவது கைத்திறன், அச்சு தந்த உயரப் பிழையைத் திருத்துவது மட்டும் மீறல் என்றால் கோடு எங்கே விழுகிறது என்று யாராவது விளக்க வேண்டும்.

போட்டிகளில் நடப்பதும் இதேதான். நடுவர்கள் நான்கு சக்கரமும் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். படாவிட்டால் மதிப்பெண் போயிற்று. நான்கும் பட்டு, கார் முழுவதும் ஒன்றரை மில்லிமீட்டர் அந்தரத்தில் நின்றால் அதைக் கேட்பாரில்லை. இதன் விளைவு விசித்திரமானது. சீட் பெல்ட்டின் கொக்கிக்கும் பானெட் மேலுள்ள எழுத்துக்கும் தனித்தனியாக உலோகத் தகடு வாங்குகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்கு மயிரிழை போன்ற கம்பி இழுக்கிறார்கள். பானெட்டைத் திறந்தால்தான் தெரியும் வேலை இது. திறக்காமலே தெரிகிற பிழை அப்படியே நிற்கிறது.

5. கெட்டுப்போகும் என்கிறீர்கள். எங்கே கெடுகிறது என்று பார்ப்போம்.

கெடுவது பெரும்பாலும் அளவில். ரிம் 15 அங்குலம் என்று படித்ததும் 381 மி.மீ. என்று கணக்குப் போட்டு, பக்கவாட்டுப் புகைப்படத்தை அதைக் கொண்டு அளப்பவர்கள் சறுக்குகிறார்கள். 15 அங்குலம் என்பது டயர் உட்காரும் பகுதியின் விட்டம். வெளியே தெரியும் ரிம் விளிம்பு அதிலிருந்து சுற்றிலும் 17 மி.மீ. சொச்சம் உயர்ந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியும் விட்டம் 416 மி.மீ. அளவில் வரும். இந்த ஒன்பது சதவீதத்தைத் தவறவிட்டால் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை உள்ள 360 மி.மீ., உங்கள் கணக்கில் 330 ஆகச் சுருங்கும். கார் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இறங்கிவிடும். பிறகு 'திருத்தினால் கெடும்' என்று ஊருக்குச் சொல்வார்கள்.

அளக்க வேண்டியது சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை. டயர் தப்பாக இருந்தாலும் இந்த அளவு பொய் சொல்லாது. தூரத்தில் நின்று நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படம் வேண்டும். கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் அருகிலுள்ள சக்கரம் ஊதித் தெரியும்.

அடுத்து, டயர். 195/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 634 மி.மீ.; பாதி 317. ஆனால் வண்டியின் பாரத்தில் டயர் அமுங்குவதால் மையத்திலிருந்து தரை அதைவிட 20 மி.மீ. சொச்சம் கிட்டே இருக்கும். 1/24இல் அதுவே ஒரு மில்லிமீட்டருக்கு அருகில். மாடல் டயர் அமுங்காது. ஆகவே ஆக்ஸிலைத் தொடாமலே கார் தூக்கலாக நிற்கிறது. டயரின் அடியை உப்புத்தாளில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேய்த்தால் தரையில் படியும் பகுதி 7 மி.மீ. நீளம் வரும்; நிஜத்தில் 160 மி.மீ. சொச்சம், நம்பத் தகுந்த அளவு. முழு மில்லிமீட்டரையும் தேய்த்தால் காற்றுப் போன டயர் மாதிரி ஆகிவிடும். மீதியை ஆக்ஸிலில்தான் எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. உடலையும் சேஸிஸையும் உள்ளறைத் தொட்டியையும் பசை இல்லாமல் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துப் பாருங்கள். பல நேரங்களில் தொட்டியின் விளிம்பு கதவின் உட்பக்கத்தில் இடித்து, உடலைச் சேஸிஸில் உட்கார விடாமல் பிடித்திருக்கும். அதைத் தேய்த்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. உடல் முழுவதுமாக உட்கார்ந்த பிறகும் தூக்கல் இருந்தால், உடலை இன்னும் சேஸிஸுக்குள் அமுக்கத் தோன்றும். கூடாது. எஞ்சின் சேஸிஸோடு இருப்பதால் காற்று வடிகட்டி பானெட்டில் முட்டும். சன்னல் வழியே தெரியும் இருக்கைகளும் உயர்ந்துவிடும். நகர வேண்டியது ஆக்ஸில் மட்டும்.

கம்பி ஆக்ஸில் என்றால் பழைய ஓட்டையைப் பிளாஸ்டிக் குச்சியால் அடைத்து, வேண்டிய அளவு மேலே கை டிரில்லால் புது ஓட்டை. சக்கரத்தைத் தாங்கும் முனை தனியாக இருந்தால் அதை வெட்டி, பித்தளைக் கம்பியைச் செருகி, மேலே தள்ளி ஒட்டலாம். லீஃப் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே போகும் காரில் இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு. கார் அதே அளவு இறங்கும். நிஜ வண்டியை இறக்குகிற பட்டறைகளும் அந்த இடத்தில்தான் கட்டை வைக்கின்றன. டயர் உள்ளே இடித்தால் மட்கார்டின் உட்புறத்தை வெளிச்சம் ஊடுருவும்வரை சுரண்டுங்கள். பிறகு கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தி, நான்கு டயருக்கடியிலும் காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். எல்லாம் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால். பளபளக்கிற உடலை மறுபடி சேஸிஸிலிருந்து பிடுங்குகிறவருக்கு 'கெட்டுப்போகும்' என்ற எச்சரிக்கை பொருந்தும், அவசரப்பட்டதற்கு.

6. கடைசியாக, என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்ளும் கூட்டத்துக்கு.

இவர்களுக்கு எல்லாக் காரும் தூக்கல்தான். எதை எடுத்தாலும் டயர் மட்கார்டுக்குள் மறையும்வரை இறக்குவார்கள். 'இறங்கியிருந்தால் அழகு' என்பதும், 'பெட்டியில் வந்ததே சரி' என்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். இருவருமே அந்தக் குறிப்பிட்ட காரைப் பார்ப்பதில்லை. ராலிக் காரையும், வீட்டுக் காரையும், பந்தயக் காரையும் ஒரே மட்டத்தில் படுக்கவைத்தால் அலமாரியில் ஒரே காரின் பல உடல்கள்தான் மிஞ்சும்.

தாழ்ந்த கார்களின் தாயகத்திலேயே தாழ்வுக்கு ஒரு கோடு இருந்தது. காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கக் கூடாது என்று 1950களின் இறுதியில் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு தடைபோட்டது. ரான் அகிர்ரே 1959இல் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பொருத்தினார்: போலீஸைக் கண்டால் மேலே, காட்சிக்கு நிறுத்தினால் கீழே. அந்தக் காலத்து லோரைடர் எனும் தாழ்த்திய காரைக் கட்டுபவருக்குக்கூட ரிம்மின் அடிமட்டம் என்ற அளவுக்கோடு கண்முன் இருக்கிறது. எதிர்முனையில் 1960களின் கேஸர்கள். கிளம்பும் நொடியில் பாரம் பின்சக்கரத்துக்குப் பாய வேண்டும் என்பதற்காக மூக்கைத் தூக்கிவிட்ட இழுவைப் பந்தயக் கார்கள் இவை. அங்கும் தூக்கலுக்கு எல்லை உண்டு: கிராங்க் ஷாஃப்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று இழுவைப் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதித்தது. 1/25இல் அது 24.4 மி.மீ. கேஸர் கட்டுகிறவர் தன் மாடலின் கிராங்க் புல்லியின் நடுவில் வெர்னியரை வைத்துப் பார்க்கட்டும். 27 காட்டினால், அந்தக் காரைப் பந்தயத் தடத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள்.